டைனமோ ரிவ்யூ: பிபிவிசி வேலைக்கு நாலு வருஷமா யூஸ் பண்றேன்

சிங்கப்பூர்ல பிம் மாடலரா இருக்கேன், அதாவது கட்டடத்தை ரெவிட்ங்கிற சாஃப்ட்வேர்ல 3டி மாடலா செய்ற வேலை. அந்த ரெவிட்ல திரும்பத் திரும்ப செய்ற வேலையை தானா ஓட வைக்கிற டூல்தான் டைனமோ. நாலு வருஷமா பிபிவிசி ப்ராஜெக்ட் மட்டும்தான் பாக்குறேன். பிபிவிசி என்னன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன், ரூமை ஃபாக்டரியிலேயே பெட்டி பெட்டியா செஞ்சு, டைல்ஸ், பெயிண்ட், ஜன்னல், பாத்ரூம் ஃபிட்டிங் எல்லாம் முடிச்சு, லாரியில ஏத்திட்டு வந்து கிரேன்ல தூக்கி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குறது. 2014 நவம்பர்ல இருந்து இங்க அரசாங்கம் விக்கிற சில நிலங்கள்ல இப்படித்தான் கட்டணும்னு கண்டிஷனே போட்டுட்டாங்க. கிளெமென்ட் கேனப்பி அப்படி வந்ததுதான், 40 மாடியில ரெண்டு டவர், 505 வீடு, 2019ல முடிஞ்சது. அதுல 1,800க்கு மேல பெட்டி, மலேசியாவுல ஜொகூர்ல செனாய் பக்கம் கான்கிரீட் போட்டு, இங்க துவாஸ்ல ஃபினிஷிங் முடிச்சு கொண்டு வந்தாங்க.

இத்தனை பெட்டிக்கும் நம்பர் வேணும், எடை வேணும், டிராயிங் வேணும், எதை எப்ப தூக்கணும்னு லிஸ்ட் வேணும். ஆர்க்கிடெக்ட் ஒரு சுவரை 100 மில்லி நகத்தினா அத்தனையும் திரும்ப மாத்தணும். இந்த இடத்துலதான் டைனமோ வேணும்.

டைனமோ தனி சாஃப்ட்வேர் இல்ல, ரெவிட்டுக்குள்ளயே இருக்கு, ரெவிட் 2020ல இருந்து இன்ஸ்டால் பண்ணும்போதே கூட வந்துடும். கோட் எழுதத் தெரியாதவங்களும் நோடை (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன கட்டம்) எடுத்துப் போட்டு வயர் மாதிரி இழுத்து இணைச்சா ஸ்கிரிப்ட் ரெடி. ஓபன் சோர்ஸ்தான், அதுக்குன்னு தனியா காசு கிடையாது. முதல் நாளே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, ரன் மோட ஆட்டோமேட்டிக்ல இருந்து மேனுவலுக்கு மாத்திடுங்க, இல்லன்னா பெரிய மாடல்ல ஒவ்வொரு வயர் இழுக்கும்போதும் மொத்தமும் திரும்ப ஓடி கம்ப்யூட்டர் உறைஞ்சு போயிடும்.

நான் எப்படி செட் பண்ணியிருக்கேன்னு சொல்றேன். மெயின் மாடல்ல ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதாவது ஒவ்வொரு ரூம் பெட்டிக்கும், ஒரு வெறும் பெட்டி ஃபேமிலி (ரெவிட்ல மாடலுக்குள்ள வைக்கிற பொருளுக்கு அப்படித்தான் பேரு), நீளம், அகலம், உயரம், எடை, நம்பர் எல்லாம் அதுல பாராமீட்டரா இருக்கும். சுவர், ஸ்லாப், பைப் எல்லாம் உள்ள டீட்டெயில் மாடல் டைப்புக்கு ஒண்ணா தனி ஃபைல். ஸ்கிரிப்ட் ஃப்ளோர் ஃப்ளோரா போய் பெட்டிகளை வரிசைப்படுத்தி பிளாக், மாடி, இடம்னு நம்பர் போட்டுடும். போன வருஷம் ஒரு ஹாஸ்டல் ப்ராஜெக்ட்ல லிஃப்ட் இடம் மாறுனதுல மொத்த நம்பரும் கலைஞ்சிருச்சு, கையால செஞ்சிருந்தா எங்க டீமுக்கு மூணு நாள் போயிருக்கும், ஸ்கிரிப்ட் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிருச்சு. அகலம் 3.4 மீட்டர் தாண்டுற பெட்டி ஏதாவது இருந்தா தனியா காட்டும், ஏன்னா அதுக்கு மேல போனா இங்க ரோட்டுல எஸ்கார்ட் வச்சுத்தான் லாரி போகணும், செலவும் கூடும், போற நேரத்துக்கும் கட்டுப்பாடு வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எடை செக் பண்றதுதான். டீட்டெயில் மாடல்ல இருந்து கான்கிரீட் கன அளவை எடுத்து 2.4ஆல பெருக்கினா டன் வந்துடும், 9.2 கன மீட்டர்னா 22 டன், அதுக்கு மேல டைல்ஸ், கதவு எடையை சேத்துக்கணும். ஆனா டவர் கிரேன் பக்கத்துல தூக்குற எடையை தூரத்துல தூக்காது, அதனால கிரேன் நிக்கிற புள்ளியில இருந்து ஒவ்வொரு பெட்டியோட நடுப்புள்ளிக்கும் எவ்வளவு தூரம்னு ஸ்கிரிப்ட் கணக்கு போட்டு, எக்ஸெல்ல இருக்குற லோடு சார்ட்டோட ஒப்பிட்டு, தாங்காத பெட்டிக்கு சிவப்பு அடிச்சுடும். ஹாஸ்டல் வேலையில தென்கிழக்கு மூலையில கீழ இருந்து மேல வரைக்கும் ஒரு வரிசை அப்படியே சிவப்பா வந்துச்சு. ஸ்ட்ரக்சர் இன்ஜினியர்கிட்ட காட்டி அந்த பெட்டியை ரெண்டா பிரிச்சோம், அப்ப ஃபாக்டரியில மோல்டு (கான்கிரீட் ஊத்துற அச்சு) ஆர்டரே குடுக்கல. சைட்ல கிரேன் வந்து நின்னதுக்கப்புறம் இது தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே இப்பவும் எனக்கு வயித்தைக் கலக்குது.

இதுல ஒரு குழி இருக்கு. ரெவிட் உள்ளுக்குள்ள எல்லாத்தையும் அடி கணக்குலதான் வச்சிருக்கு. சாதாரண நோடு மாத்திக் குடுத்துடும், ஆனா நாமளே பைத்தான் மொழியில கோட் எழுதுற பைத்தான் நோடுல நேரா வால்யூம் எடுத்தா கன அடியில வரும், 10 கன மீட்டர் 353ன்னு நிக்கும். யூனிட் மாத்தாம 2.4ஆல பெருக்காதீங்க.

இன்னொரு குழியில நானே விழுந்தேன். காரிடாருக்கு இந்தப் பக்கம் இருக்குற ரூமை அப்படியே மிரர் பண்ணி அந்தப் பக்கம் வச்சிருந்தோம். ஸ்கிரிப்ட் டைப் பேரை வச்சு எண்ணி மொத்தம் 7 டைப்புன்னு லிஸ்ட் குடுத்துச்சு, நானும் அப்படியே ஃபாக்டரிக்கு அனுப்பிட்டேன். அங்க மோல்டு பாக்குற அண்ணன் ஒருத்தர், புதுக்கோட்டைக்காரர், மறுநாள் காலையில போன் பண்ணி, "தம்பி, பாத்ரூம் இடப்பக்கம் இருக்குறதும் வலப்பக்கம் இருக்குறதும் உனக்கு ஒரே பெட்டியா? எனக்கு அது ரெண்டு மோல்டு"ன்னாரு. உக்காந்து எண்ணிப் பாத்தா 11 வருது. மாடலைப் பொறுத்தவரை மிரர் பண்ணாலும் டைப் பேரு ஒண்ணுதான், ஆனா கான்கிரீட் ஊத்துறவருக்கு அது வேற பெட்டி. அவர் பாக்காம விட்டிருந்தா மோல்டு குறைச்சலா போய் மொத்த ஷெட்யூலும் தள்ளிப் போயிருக்கும். அன்னைக்கே பைத்தான் நோடுல ஒவ்வொரு பெட்டியும் மிரர் ஆகியிருக்கான்னு படிச்சு, நம்பருக்குப் பின்னாடி இடது வலதுன்னு சேர்க்குற மாதிரி மாத்திட்டேன், அந்த அண்ணனுக்குப் போற ஷீட்டுல இப்ப முதல் நெடுவரிசையே அதுதான்.

அதனாலதான் "டைனமோ போட்டா டிசைன் தானா வந்துடும்"னு யாராவது கோர்ஸ் விக்க வந்தா எனக்குக் கோவம் வருது. லாரி அகலம், கிரேன் சார்ட், மோல்டு கணக்கு, ரெண்டு பெட்டி ஒட்டுற இடத்துல சுவர் ரெட்டையா வர்றது, மேலயும் கீழயும் பைப் டக்ட் ஒரே நேர்ல நிக்க வேண்டியது, இதெல்லாம் ஃபாக்டரியிலயும் சைட்லயும் நின்னு பாத்தவங்க சொல்லித்தான் ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியும். ரெவிட் 2021ல இருந்து ஜெனரேடிவ் டிசைன்னு ஒண்ணும் வருது, ரெவிட் கம்பெனியான ஆட்டோடெஸ்க்கோட ஏஇசி கலெக்‌ஷன் சாஃப்ட்வேர் தொகுப்புக்கு சந்தா இருக்கணும், பல லேஅவுட் போட்டுக் காட்டும், ஆரம்பக் கட்டத்துல ஐடியாவுக்கு நல்லாத்தான் இருக்கு, நான் அதிகம் தொடல.

குறைன்னு பாத்தா, வெர்ஷன் மாறும்போது தலைவலி. பழைய ஸ்கிரிப்ட்டெல்லாம் அயர்ன்பைத்தான்ங்கிற பழைய பைத்தான் வகையில எழுதுனது, புது வெர்ஷன்கள்ல சிபைத்தான்ங்கிற வேற வகை வந்துருச்சு, பழசு ஓடணும்னா தனி பேக்கேஜ் போடணும் இல்ல திருத்தி எழுதணும். அதனால ப்ராஜெக்ட் நடுவுல ரெவிட் வெர்ஷனை மாத்தாதீங்க, மாத்தி சேவ் பண்ணிட்டா பழைய வெர்ஷன்ல அந்த ஃபைல் திறக்கவும் திறக்காது.

டீம்ல எல்லாரும் இதைக் கத்துக்கணும்னு இல்ல. ஒருத்தர் எழுதி வச்சா மத்தவங்க டைனமோ பிளேயர்ல பட்டனை அமுக்கினா போதும், எங்க டிராஃப்ட்டர் அக்கா நோடு பக்கமே வர மாட்டாங்க, ஆனா ஷீட் எல்லாம் அவங்கதான் ஓட்டுறாங்க. பத்து இருபது பெட்டி வேலைக்கு இது தேவையே இல்ல, எக்ஸெல் போதும். நூறைத் தாண்டுற வேலைன்னா கண்டிப்பா கத்துக்கங்க, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி லைசென்ஸைப் பாருங்க, விலை கம்மின்னு ரெவிட் எல்டி வாங்கிடாதீங்க, அதுல டைனமோ கிடையாது.