ஊதா மூடிக் குப்பி: பரவலைக் குறைக்க எந்த அளவுக்குக் கைகொடுத்தது?

ஃபைசர்–பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசி 2020 டிசம்பரில் வந்தபோது ஊதா மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் வந்தது. உயிர் காக்கும் மருந்தாக அதற்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஒரு வட்டாரத்தில் தொற்று பரவுவதைக் குறைக்கும் சாதனமாகப் பார்த்தால் மதிப்பெண் இறங்குகிறது. அதற்குப் பாதிக் காரணம் குப்பியின் அமைப்பு.

முதலில், அந்தக் குப்பி புழக்கத்தில் இருந்தபோது அதைக் கையாண்ட விதம். உள்ளே இருப்பது 0.45 மில்லி உறைந்த மருந்து. ஃப்ரிட்ஜிலோ அறை வெப்பத்திலோ உருகவிட்டு, மெதுவாகப் பத்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கக் கூடாது. பிறகு 0.9 சதவீத சலைன் (மருத்துவ உப்புநீர்) 1.8 மில்லி சேர்த்து, ஊசியை எடுக்கும் முன் 1.8 மில்லி காற்றை உறிஞ்சி உள்ளழுத்தத்தைச் சரிசெய்து, மறுபடியும் பத்து முறை திருப்ப வேண்டும். டோஸ் 0.3 மில்லி, அதில் 30 மைக்ரோகிராம் மருந்து. கலந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதிவிட வேண்டும். ஆறு மணி நேரம் கடந்தால் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். சலைன் சேர்க்க மறந்தால் ஒருவருக்கே பல டோஸ் மருந்து போய்விடும்.

கலந்தபின் கணக்குப்படி இருப்பது 2.25 மில்லி. அதில் ஆறு டோஸ் கிடைப்பதும் ஐந்தோடு நிற்பதும் சிரிஞ்சைப் பொறுத்தது. ஊசியிலும் சிரிஞ்சின் முனையிலும் தங்கும் மருந்து 0.035 மில்லிக்குள் இருந்தால் ஆறு டோஸுக்கு 2.01 மில்லி போதும். சாதாரண சிரிஞ்சில் 0.08 மில்லி தங்கினால் 2.28 மில்லி தேவைப்படும், ஆறாவது டோஸ் முழுசாக வராது. இரண்டு குப்பிகளின் மிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸாக்குவது கூடாது. 195 குப்பி கொண்ட ஒரு தட்டில் ஆறு டோஸ் எடுத்தால் 1,170 பேர், ஐந்து எடுத்தால் 975 பேர். சரியான சிரிஞ்ச் இல்லாத ஒரே காரணத்தால் 195 பேர் விடுபடுகிறார்கள்.

விடுபட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் பரவலைத் தீர்மானிக்கிறது. தொடக்ககால வைரஸில் ஒரு நோயாளி சுமார் மூன்று பேருக்குப் பரப்புவார், தடுப்பூசி தொற்றை 90 சதவீதம் தடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 80 சதவீதம் பேர் போட்டிருந்தால் அதில் 90 சதவீதம், அதாவது ஊரில் 72 சதவீதம் பேருக்குத் தொற்றாது; மீதி 28 சதவீதம் என்பதால் அந்த மூன்று 0.84 ஆகிறது. ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டதால் பரவல் தானாக அடங்க வேண்டும். ஆனால் அந்த 80 என்பது சராசரி. ஊரின் ஒரு பாதியில் 95, மறு பாதியில் 65 என்று இருந்து, அவரவர் பகுதிக்குள்ளேயே அதிகம் புழங்கினால், முதல் பாதியில் 0.44, இரண்டாம் பாதியில் 1.25. அங்கே தொற்று வளர்ந்துகொண்டே இருக்கும். ஊர்ச் சராசரியை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இது தெரியவே தெரியாது. தெரு வாரியாக, வயது வாரியாகக் கணக்கு வைத்தால்தான் பிடிபடும்.

அந்த 65 சதவீதப் பகுதியை எட்டுவதற்கு இந்தக் குப்பி ஒத்துழைக்கவில்லை. தயாரிப்பிடத்திலிருந்து மைனஸ் 60 முதல் மைனஸ் 90 டிகிரிக்குள் வர வேண்டியிருந்தது. சாதாரண ஃப்ரிட்ஜில் முதலில் ஐந்து நாள்தான் அனுமதி, 2021 மே மாதத்தில்தான் அது ஒரு மாதமானது. ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்க முடியாது. சின்னக் குடியிருப்பில் முகாம் போட்டு நாலே பேர் வந்தால், இரண்டு டோஸ் வீணாகுமே என்று குப்பியைத் திறக்கத் தயங்கினார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் மறுபடி வருவார்கள் என்பது நிச்சயமில்லை. அதனால் ஒருவர் வந்தாலும் திறந்துவிடுவதுதான் சரி, மிச்ச டோஸ் போனால் போகட்டும்.

மருந்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். முதல் ஆய்வில் வந்த 95 சதவீதம், அறிகுறியோடு வரும் நோயைத் தடுப்பதற்கான அளவு. தடுப்பூசிக் குழுவில் 8 பேருக்கும், மருந்தில்லாத ஊசி போட்ட மற்றக் குழுவில் 162 பேருக்கும் நோய் வந்தது. அடுத்தவருக்குப் பரவுவதை அந்த ஆய்வு அளக்கவில்லை. மாதங்கள் போகப்போகத் தொற்றைத் தடுக்கும் திறன் குறைந்தது. டெல்டா, ஓமிக்ரான் வகைகள் அதை இன்னும் குறைத்தன. ஒருவர் ஆறு பேருக்குப் பரப்பும் வைரஸ் வகைக்கு எதிராகத் தடுப்புத் திறன் 60 சதவீதம் என்றால், ஊரே போட்டுக்கொண்டாலும் 2.4-க்குத்தான் இறங்கும். அலை நிற்காது, வேகம் குறையும். மருத்துவமனைப் படுக்கைகளுக்கு அந்த அவகாசமே பெரிய விஷயம். மோசமான நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு கூடுதல் நாள் தாங்கியது.

இதே தடுப்பூசிக்குப் பின்னால் வந்த சாம்பல் மூடிக் குப்பியில் சலைன் கலக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் பத்து வாரம் வைக்கலாம், ஊசி குத்தியபின் 12 மணி நேரம் தாங்கும். தொலைதூரக் குடியிருப்பு முகாம்களுக்கு ஏற்றதாக இருந்தது அதுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது: இரண்டு வகையும் ஒரே ஃப்ரிட்ஜில் இருந்தால் தனித்தனித் தட்டில் வைக்க வேண்டும். சாம்பல் மூடியில் பழக்கதோஷத்தில் சலைன் ஊற்றிவிட்டால் அந்தக் குப்பி முழுவதும் போச்சு.