மாம்பழக் கடகம் ரெயிலில் போனால்: யாழ்ப்பாணம் - கோட்டை பாசல் அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற மகளுக்கு மாம்பழம் அனுப்புவது என்றால் எனக்கு இரவுச் சொகுசு பஸ்தான். ஒழுங்கை முகப்பில் வந்து ஏற்றுவார்கள், விடியப்புறம் அங்கே இறக்குவார்கள், வேறென்ன வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். போன வருடம் அறுபது கறுத்தக்கொழும்பான் அனுப்பினேன், அதற்கு மேலே யாரோ ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஏற்றி வைத்திருக்கிறார்கள் (பஸ்ஸின் பெயர் வேண்டாம், பெடியன் மன்னிப்புக் கேட்டுவிட்டான்), மகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது சாறு மட்டும்தான்.

இந்த முறை ரெயில். பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பிப் பழத்தை அடுக்கி, மேலே சாக்குத் துணி வைத்துத் தைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குப் போனேன். பாசல் எடுக்கிற தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, பேரை ரெண்டு பக்கமும் எழுதுங்கோ, ஒரு பக்கம் அழிஞ்சாலும் மற்றது இருக்கும்" என்று கறுப்பு மார்க்கரையும் தந்தான். தராசில் ஏற்றினான், துண்டு எழுதினான், அவ்வளவுதான். பஸ்ஸுக்குக் கொடுப்பதைவிடக் காசும் குறைவு. அங்கே மகள் துண்டைக் காட்டிக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் எடுத்துக்கொண்டு கரையோர ரெயிலில் வெள்ளவத்தைக்குப் போய்விட்டாள். இரண்டு பழம் மட்டும் அழுகல், அது என் பிழை, பழுத்ததையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் நானே ஏறிப் போனேன். ஏ9 வீதியில் இரவில் பஸ்ஸும் லொறியும் ஒன்றையொன்று முந்துவதை முன் சீற்றில் இருந்து பார்த்தவர்களுக்கு ரெயிலில் கிடைக்கிற நிம்மதியை விளக்கத் தேவையில்லை. நித்திரை வரும், எழும்பி நடக்கலாம், வடை வரும். ஆனால் பாதை ஒற்றைத் தண்டவாளம். பொல்காவலைக்கு வடக்கே எதிர் ரெயிலுக்கு வழிவிட்டு நிற்க வேண்டியதுதான், அதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் சாமான் எல்லாம் லொறிக்குப் போனது சும்மா இல்லை. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரெயில் போரால் 1990 ஜூனில் நின்றது, 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இருபத்துநாலு வருடம். அதற்கு முன்பு காங்கேசன் சீமெந்தே ரெயிலில் தெற்கே போனது. இடையில் பிறந்து வளர்ந்த வியாபாரிக்கு வெங்காய மூடையை ரெயிலில் போடலாம் என்ற எண்ணமே வராது, அவன் கண்டதெல்லாம் லொறிதான். 2022 இல் டீசல் இல்லாமல் லொறிகள் படுத்தபோது எல்லாரும் சைக்கிளைத் தேடினோம், தண்டவாளத்தை எத்தனை பேர் நினைத்தோம்? இரும்புச் சில்லு இரும்பில் உருளுகிறபோது அதே பாரத்துக்குச் செலவாகிற எண்ணெய் எவ்வளவோ குறைவு.

குறை என்றால் கடைசி இரண்டு மைல்தான். திரும்பி வந்து இறங்கியபோது இருட்டிவிட்டது, வாசலில் ஒரு பஸ்ஸும் இல்லை, பஸ் நிலையம் நடந்து போகிற தூரம்தான், ஆனால் இரண்டு பையும் முட்டிவலியும் உள்ளவளுக்கு இல்லை. ஓட்டோவுக்குக் கொடுத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரெயில் வருகிற நேரத்துக்குப் பருத்தித்துறைப் பக்கம் ஒன்று, மானிப்பாய்ப் பக்கம் ஒன்று என்று இரண்டு இ.போ.ச. (அரசாங்க) பஸ் வாசலில் நின்றால் போதும், தனியார் மினிபஸ் என்றாலும் எனக்குச் சரி. அதேபோல சுன்னாகத்தில் சந்தையும் ஸ்டேஷனும் ஒரே ஊருக்குள்தான் இருக்கின்றன, விடியக் கூடுகிற மரக்கறியை அங்கேயே ரெயில் பெட்டியில் ஏற்ற ஒரு ஒழுங்கு செய்தால் எத்தனை லொறி குறையும்.

பாசலுக்கு ஐந்துக்கு நாலரை, பயணத்துக்கு நாலு, இறங்கின பிறகு வீட்டுக்குப் போகிற பாட்டுக்கு ஒன்று. பழம் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: காயாகவே வையுங்கள், கடகத்தின் வாயை நெருக்கித் தையுங்கள், ரெயில் வெளிக்கிட முன் போய் நில்லுங்கள். எங்கள் பின்வளவு மரத்தில் இந்த முறையும் நல்ல காய், ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போக ஓட்டோக்காரத் தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.