கணினி இல்லாமல் நிரலாக்கம்: ‘டாங்க்ஸ்’ விளையாட்டு ஒரு மதிப்புரை

பிள்ளைகளுக்கு நிரலாக்கம், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் கலை, கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியைத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எதற்காக, எந்த வயதில், எதைக்கொண்டு என்ற மூன்றையும் தெளிவாக்காமல் ‘ஆம்’ என்று மட்டும் சொல்லிவிட்டால், அந்தப் பதில் பெற்றோரின் பணத்தைக் கரைக்குமே தவிரப் பிள்ளைகளுக்கு எதையும் தராது. எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பில் ‘டாங்க்ஸ்’ என்ற விளையாட்டைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, இந்த மூன்றுக்கும் விடை சொல்ல ஒரு நல்ல பிடி கிடைத்திருப்பதாக நினைக்கிறேன்.

இது நம் நாட்டிலேயே பிறந்த விளையாட்டு. முன்பு போர்ட் எலிசபெத் என்று அழைக்கப்பட்ட கெபெர்ஹா நகரில் உள்ள நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில், பேராசிரியர் ஜீன் கிரேலிங்கின் வழிகாட்டுதலில் 2017-இல் ஒரு மாணவர் தம் படிப்புக்கான திட்டப்பணியாக இதை உருவாக்கினார். கணினி இல்லாத பள்ளிகளிலும் நிரலாக்கத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதே நோக்கம். கைப்பேசித் திரையில் கட்டம் கட்டமாக ஒரு களமும் அதில் ஒரு டாங்கியும் தெரியும். தடைகளைத் தவிர்த்து டாங்கியை இலக்குக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஆனால் திரையைத் தொட்டு அதை நகர்த்த முடியாது. முன்னே செல், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, சுடு என்ற கட்டளைகள் தனித்தனித் துண்டுகளாகக் கையில் இருக்கும். அவற்றை மேசைமேல் வரிசையாக அடுக்கிக் கைப்பேசியின் கேமராவில் படம் எடுத்தால், செயலி அந்த வரிசையைப் படித்து, அடுக்கியது அடுக்கியபடியே டாங்கியை ஓட்டிக் காட்டும். நிலைகள் ஏற ஏற, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடுக்காமல் எண்ணிக்கை கொடுத்துச் சுருக்கும் துண்டுகளும் வந்து சேரும்.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு மேசையருகே நின்றால்தான் காண முடியும். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும் அவளுடைய சித்தி மகனும் சேர்ந்து விளையாடினார்கள். டாங்கி திரையில் கீழ்நோக்கி நின்றது. தன் இடது கைப்பக்கம் போக வேண்டும் என்று பார்த்து அவள் இடப்பக்கத் துண்டை வைத்தாள். படம் எடுத்தார்கள், டாங்கி எதிர்ப்புறம் திரும்பித் தடையில் முட்டியது. அவள் அதே துண்டை எடுத்து அதே இடத்தில் மீண்டும் வைத்தாள், முதல் முறை சரியாகப் பதியவில்லை என்பதுபோல. அப்போது அந்தச் சிறுவன், “அக்கா, டாங்கிக்குள்ள உக்காந்து பாரு” என்றான். அவள் எழுந்து டாங்கி பார்த்த திசைக்கே முகத்தைத் திருப்பி நின்று, கைகளை நீட்டிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் துண்டை மாற்றினாள். தனக்கு இடம் எது என்பதை விட்டுவிட்டு, கட்டளையைப் பெறுகிற பொருளுக்கு இடம் எது என்று யோசிப்பது அந்த வயதில் எளிதன்று. அதைச் சொற்களால் விளக்கி நானே தோற்றிருக்கிறேன். இங்கே மேசைமேல் அது தானாக நடந்தது.

உடலால் திசையை உணர்ந்து கட்டளையை எழுதும் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் வேரும் நம் மண்ணில்தான் இருக்கிறது. 1928-இல் பிரிட்டோரியாவில் பிறந்து, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற சீமோர் பேப்பர்ட், பிற்காலத்தில் அமெரிக்காவில் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து 1967-இல் ‘லோகோ’ என்ற நிரல்மொழியைச் சிறுவர்களுக்காகவே உருவாக்கினார். அதில் ஓர் ஆமை இருந்தது. இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை திரும்பு என்று சொன்னால் அது கோடு வரையும். குழந்தை ஆமையின் இடத்தில் தன்னை வைத்து நடந்து பார்த்தே வடிவியலைக் கற்கும் என்பது பேப்பர்ட்டின் நம்பிக்கை. நிரலில் பிழை வந்தால் குழந்தை தவறு செய்துவிட்டது என்று பார்க்காமல், எந்தக் கட்டளையில் பிசகு என்று தேட வைப்பதே கல்வி என்றும் அவர் கருதினார். டாங்க்ஸின் டாங்கி அந்த ஆமையின் வழித்தோன்றல்தான்.

என் மனத்தில் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணமும் அதுவே. எங்கள் பிள்ளைகள் தேர்வு மதிப்பெண்ணுக்கு அஞ்சி வளர்கிறவர்கள். கரும்புத் தோட்டங்களில் உழைத்த முன்னோர் தம் சொற்ப வருமானத்திலிருந்து காசு சேர்த்துப் பள்ளிகளைக் கட்டிய சமூகம் இது. கல்வி எங்களைக் கரையேற்றியது உண்மை. ஆனால் தவறான விடை என்றால் அவமானம் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. டாங்கி தடையில் முட்டும்போது யாரும் சிவப்பு மையில் கோடு போடுவதில்லை. நான்காவது துண்டா ஐந்தாவது துண்டா என்று விரல் வைத்து எண்ணித் திருத்துகிறார்கள். சோதனைத் தாளை மறைத்துக்கொள்கிற பிள்ளைகள் இங்கே தம் பிழையை அடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் எதற்கு என்ற வாதத்தை நான் புறந்தள்ள மாட்டேன். 2021-இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் திறன் ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்பு மாணவர்களில் 81 விழுக்காட்டினரால் பொருள் புரிந்து வாசிக்க இயலவில்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டில்தான் அடிப்படைக் கல்வித் துறை, முன்தொடக்க வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்குமான நிரலாக்க, ரோபோட்டிக்ஸ் பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் கவலை வரும். வாசிப்பு நேரத்தை வெட்டி நிரலாக்கத்துக்குக் கொடுத்தால் அது பெருந்தவறு. ஆனால் டாங்க்ஸின் கட்டளைகள் குறிகளால் ஆனவை. படிக்கத் திணறும் குழந்தையும் அதில் சமமாக உட்கார முடிகிறது; விளையாடும்போது கட்டளைகளை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டியிருக்கிறது. எங்கள் வகுப்பில் அவற்றைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் “முன்னே போ, மூணு தடவை, அப்புறம் வலது” என்று தாமே கோத்துச் சொன்னதைக் கேட்டது, தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மின்வெட்டு நாட்களிலும் வகுப்பு நிற்கவில்லை. செயலியை முன்பே இறக்கி வைத்து, கைப்பேசியில் மின்னேற்றமும் சன்னலோர வெளிச்சமும் இருந்தால் போதும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, டாங்கியும் சுடுதலும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தெருக்களில் ராணுவ வீரர்கள் நின்றதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். “புள்ளைங்களுக்கு ஏம்மா சுடுற வெளாட்டு?” என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். இதே குழுவினர் காண்டாமிருகங்களை வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பதை மையமாகக் கொண்டு ‘ரேஞ்சர்ஸ்’ என்ற விளையாட்டையும் உருவாக்கியிருக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கு அதிலிருந்து தொடங்குவதையே நான் விரும்புவேன். இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. எல்லாப் புதிர்களையும் யாரோ முன்பே அமைத்துவிட்டார்கள். குழந்தை தீர்க்கிறதே தவிர, தனக்கென்று ஒன்றை உருவாக்குவதில்லை. தான் நினைத்ததைத் தானே செய்து பார்க்கும் இன்பம் நிரலாக்கத்தின் பாதி, அது இங்கே கிடைக்காது. ஆகவே இதை ஒரு தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

தொடக்கம் என்ற அளவில்கூட, விலையுயர்ந்த பல வகுப்புகளைவிட இது மேலானது. இப்பகுதியில் ஒரு தனியார் கோடிங் வகுப்புக்கு எங்கள் மாணவர் சிலர் போய்வந்தார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கும் எதிர்கால வேலை உறுதி என்ற பாணியில் துண்டறிக்கை அடித்திருந்தார்கள். அங்கே பிள்ளைகள் திரையில் இருந்த வரிகளை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டபோது அவர்களுக்கு விடை தெரியவில்லை. வேலை ஆசை காட்டிக் குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைப்பதை நிரலாக்கக் கல்வி என்று அழைப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து எந்த நிரல்மொழி வழக்கில் இருக்கும் என்பதை யாராலும் உறுதிகூற இயலாது.

வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில சொற்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது நன்றாகப் பொருந்துகிறது. ஒரு தொகுப்புக்கு மூவருக்கு மேல் உட்கார வைத்தால் ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். பெரியவர்கள் துண்டுகளைத் தொடக்கூடாது. பிள்ளை தவறாக அடுக்குவது தெரிந்தாலும் டாங்கி முட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும், இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. திரும்பச் செய்யும் துண்டுகளைத் தயக்கமின்றிப் பயன்படுத்தத் தொடங்கியதும் அடுத்த கட்டத்துக்கு மாறிவிடலாம். அதற்கு 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ என்ற சிறுவர் நிரலாக்க மென்பொருள் இருக்கிறது. இலவசம், ஜூலு, கோசா மொழிகளிலும் கிடைக்கிறது, கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். எங்கள் வகுப்பில் மூத்த பிள்ளைகள் இப்போது அதில்தான் தங்கள் சொந்த விளையாட்டுகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.