தனிக் களஆய்வும் மூத்தோர் கூட்டமும்

மானுடவியலாளர் ஆன் ஃபீனப்-ரியோர்டன் 1970-களில் அலாஸ்காவின் நெல்சன் தீவில் யூபிக் பழங்குடி மக்களிடையே தங்கிச் செய்த களஆய்வில், வசந்தத்தின் முதல் கடல்நாய் வேட்டைக்குப் பின் பெண்கள் இறைச்சியையும் கொழுப்பையும் பிற பெண்களுக்குப் பகிர்ந்தளிக்கும் விருந்தை அருகிருந்தே காண முடிந்தது. ஆனால், எதை ஆராய்வது என்பது பெரும்பாலும் ஆய்வாளரின் தேர்வாகவே இருந்தது. யூபிக் மூத்தோருடன் அவர் செய்த பிற்காலக் கூட்டுப்பணியிலோ பேச்சின் போக்கை அம்மூத்தோரே வகுத்தனர். 1997-இல் பெர்லின் அருங்காட்சியகத்திற்குச் சென்ற மூத்தோர், சேகரிப்பாளர் யாக்கோப்சன் 1882–83-இல் அலாஸ்காவில் திரட்டிய பொருள்களைப் பார்வையிட்டுத் தம் மொழியிலேயே விளக்க, கேட்டுப் பதிவது ஆய்வாளரின் வேலையாயிற்று. என் கணிப்பில் இரண்டாம் முறையே மேலானது. எனினும், அதன் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி மொழிபெயர்க்க மிகுந்த உழைப்பு வேண்டும் என்பதோடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத அன்றாடப் பழக்கங்கள் கூட்டத்தில் எளிதில் வெளிப்படுவதுமில்லை.