பின்பலகை ஓட்டைக்கு எது நிற்கும்? புட்டி, சீலன்ட், பாலியஸ்டர், எபாக்ஸி

கடற்கரைப் பக்கம் ஏலத்தில் எடுத்த 16 அடி பைபர் படகை மாமா லாரியில் கொண்டுவந்து இறக்கியதும், முதல் வேலையாக அதன் பின்பலகையில், அதாவது படகின் பின்முனையை மூடி நிற்கும் பலகையில், இருந்த ஓட்டைகளை எண்ணினேன். பத்தொன்பது. உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் குழாய்முனைகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம். மோட்டார் மாட்டியிருந்த போல்ட் ஓட்டை நான்கு. அடியில் வடிகால் ஓட்டை ஒன்று. மீதி பன்னிரண்டும் எதையெதையோ முடுக்கிக் கழற்றிப்போன திருகாணித் தடங்கள்.

மாமா சத்தியமங்கலம் பக்கம் ஒரு பழைய கல்குழித் தண்ணீரில் மீன் வளர்க்கிறார். தீவனம் போடவும் வலை இழுக்கவும்தான் படகு. இப்போதைக்குத் துடுப்பு, கொஞ்ச நாளில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மாட்டலாம் என்று ஒரு யோசனை. "கடல்லயே ஓடின போட்டு மாப்ள. குட்டையில என்ன ஆயிரப்போகுது? புட்டி வெச்சு அடைச்சு பெயின்ட் அடிச்சுரு" என்றார்.

"அதுதானுங்க மாமா வில்லங்கமே" என்றேன்.

கடல் தண்ணீரில் உப்பு இருக்கிறது. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. குட்டைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அதற்கு விருந்து. கடலில் பத்து வருடம் தாக்குப்பிடித்த பலகை, நன்னீரில் அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். பைபர் படகில் மரம் எங்கே என்று கேட்டால், பின்பலகைக்குள்தான். வெளியே ஐந்து மில்லிமீட்டர் பைபர், உள்பக்கம் மூன்று மில்லிமீட்டர் பைபர், நடுவில் ஒன்றரை அங்குலத்துக்கு ப்ளைவுட் என்பது இந்தப் படகின் கணக்கு. மோட்டாரின் எடையையும் தள்ளலையும் தாங்குவது அந்த ப்ளைவுட். ஆகவே ஓட்டையை அடைப்பது படகுக்குள் தண்ணீர் வராமல் இருக்க மட்டும் இல்லை, ப்ளைவுட்டுக்குள் தண்ணீர் போகாமல் இருக்கவும்தான். நான்கு வழிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் எட்டு வருடம் பைபர் வேலை பார்த்தவன். பாலியஸ்டர் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பைபர் மேட்டும் (கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய பாய்) என் கைக்குச் சோறு பிசைவது மாதிரி. எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் எனக்குப் பின்னால் வந்த பழக்கம், அதுவும் கொஞ்சம் பட்டுத்தான் வந்தது.

புட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். திருகாணித் தடங்களில் பாதியை முன்பு யாரோ புட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். பார்க்க வழவழவென்று நன்றாகவே இருந்தது. அதில் ஒன்றின் மேல் டிரில்லை வைத்தேன். புட்டி வெள்ளைப் பொடியாக வந்தது, அடுத்து பைபர் தூள், அப்புறம் கறுத்த ஈரச் சக்கை. மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது, வாசமும் ஏறக்குறைய அப்படித்தான். ஓட்டையின் வாயில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு உட்கார்ந்திருக்கும் புட்டி, வெயிலிலும் குளிரிலும் பலகை விரிந்து சுருங்கும்போது விளிம்பில் மயிரிழை விரிசல் விடும். தண்ணீருக்கு அது போதும். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, பின்னால் மரம் இல்லாத இடத்தில், அழகுக்காக என்றால் புட்டி சரி. பின்பலகைக்கு வேண்டாம்.

சீலன்ட் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓட்டையை மூடவே வேண்டாம், இருபுறமும் ஸ்டீல் தகடு வைத்து, நடுவே பாலியூரித்தேன் சீலன்ட் பூசி, போல்ட் போட்டு இறுக்கு என்பார்கள். அரை நாள் வேலை. நாளைக்கு அதே இடத்தில் குழாய் வேண்டுமென்றால் கழற்றிக்கொள்ளலாம். நம் பக்கத்துப் பரிசல்காரர்களின் வழியும் ஏறக்குறைய இதுதான். மூங்கில் பின்னல் மேல் தார் பூசுவார்கள், கசிந்தால் அந்த இடத்தில் மறுபடி தார். வளைந்து கொடுக்கிற பொருள், வருடா வருடம் பார்த்துச் செய்கிற வேலை. பரிசலில் அது செல்லும், ஏனென்றால் கசிவு உடனே கண்ணுக்குத் தெரியும். பின்பலகையில் சீலன்ட் விட்டுப்போனால் தண்ணீர் படகுக்குள் வருவதில்லை, நேரே மரத்துக்குள் போகிறது. தெரிய இரண்டு வருடம் ஆகும். ஓட்டையின் உள்சுவரை எபாக்ஸியால் பூசி மரத்தை மூடிவிட்டுத் தகடு போட்டால் இந்த வழியும் மரியாதையானதுதான். ஆனால் எபாக்ஸி வாங்கியாகிவிட்டது என்றால் மீதி வேலையையும் அதிலேயே முடித்துவிடலாமே.

சீலன்ட் என்று சிலிக்கானை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இந்தப் படகில் குழாய்முனைகளைச் சுற்றி வெள்ளை சிலிக்கான் அப்பியிருந்தார்கள். உள்பக்க நட்டு துருவும் உப்புமாக இறுகி அசையவில்லை. மல்லுக்கட்டாமல், வெளிப்பக்க விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்தெடுத்துவிட்டு, மரக்கட்டை வைத்து உள்நோக்கித் தட்டினேன். பத்து நிமிடத்தில் இரண்டும் கழன்றன. அந்த சிலிக்கானை எடுக்கத்தான் ஒரு மதியம் போனது. சிலிக்கான் படிந்த இடத்தில் ரெசினும் ஒட்டாது, பெயின்ட்டும் ஒட்டாது, அசிட்டோனுக்கும் அது அசையாது. பிளேடால் சீவி, துணியால் துடைத்து, அதற்கு அப்புறம்தான் தேய்க்க வேண்டும். துடைக்காமல் கிரைண்டரை வைத்தால் பிசுக்கை பைபருக்குள் நாமே தேய்த்து இறக்குகிறோம்.

இனி உண்மையான போட்டி: பாலியஸ்டரா, எபாக்ஸியா.

பாலியஸ்டருக்கு ஆதரவாகப் பேச எனக்கு நிறைய இருக்கிறது. படகே பாலியஸ்டரில் செய்ததுதான். கிலோ விலை எபாக்ஸியைவிட வெகு குறைவு. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், கிலோவுக்கு பத்து முதல் இருபது மில்லி. வெயில் அதிகம் என்றால் குறைத்துக்கொள்ளலாம், கூட்டிக் குறைத்தாலும் ஒருமாதிரி இறுகிவிடும். ஜெல்கோட் என்கிற வழவழப்பான மேற்பூச்சு மேலே நேராக உட்காரும். மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைந்துவிடுவதால், மேட் துணி மாதிரி தொங்கி எந்த வளைவிலும் படியும். 450 கிராம் மேட் ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கொடுக்கும். ஐந்து மில்லிமீட்டருக்கு ஐந்து அடுக்கு, ஒரே மூச்சில் முடியும். ஒன்றே ஒன்று: இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்துவிடக் கூடாது, வெடித்துத் தீப்பற்றும். கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இது பட்டறையில் புதுப் பையனுக்குச் சொல்லும் முதல் பாடம்.

ஆனால் பஸ் முகப்பில் நான் பார்த்த வேலையில் மேட் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே பொருளாக இறுகியது. பழைய படகு இறுகி வருடக்கணக்கானது. அதன் மேல் புது பாலியஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர, ஒன்றாகாது. ஒட்டும் பலத்தில் எபாக்ஸி கண்டிப்பாக மேல். மரத்தோடு என்றால் வித்தியாசம் இன்னும் அதிகம். ப்ளைவுட் மேல் போட்ட பாலியஸ்டர் சில வருடத்தில் தோலாக உரிந்து வருவதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். எபாக்ஸி மரத்தைக் கவ்விக்கொள்ளும், தண்ணீரையும் அதிகம் உள்ளே விடாது. பழைய பாலியஸ்டர் மேல் எபாக்ஸி போடலாம். எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது, ஒட்டுமிடத்தில் இறுகாமல் பிசுபிசுப்பதும் உண்டு. ஆகவே ஒரு தடவை எபாக்ஸிக்குப் போய்விட்டால் அந்த இடத்தில் திரும்பி வரும் பாதை குறுகல்.

இரண்டுக்கும் நடுவே வினைல் எஸ்டர் என்று ஒரு ரெசின் உண்டு. நல்ல சரக்கு, ஆனால் சில மாதத்தில் டின்னிலேயே கெட்டுப்போகும். பத்தொன்பது ஓட்டைக்காக அதைத் தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை.

எபாக்ஸியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அதை இறுகவைக்கும் ஹார்டனர் அளவு சரியாக இருக்க வேண்டும். டின்னில் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதுதான், வெயிலுக்காகக் கூட்டக் குறைக்க முடியாது. தப்பினால் எத்தனை நாளானாலும் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும், சுரண்டி எடுக்க வேண்டியதுதான். வழக்கமான மேட்டின் பசை எபாக்ஸியில் கரையாது, ஆகவே நெய்த பைபர் துணி வேண்டும். துணி மெல்லியதாகப் படியும், அடுக்கு கூடும். வெயிலில் எபாக்ஸி மங்கிப் பொடியும், பெயின்ட் கட்டாயம். அதைவிட, நம் ஊர் வெயில். சூடு பத்து டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம் பாதியாகும். போன சித்திரையில் வேறொரு வேலைக்கு, பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால்வாசி கலந்து வைத்துவிட்டு போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் டம்ளர் சுருண்டு, புகை வந்துகொண்டிருந்தது. அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும் என்பதை அந்த டம்ளர்தான் சொல்லிக்கொடுத்தது.

"ஒரு ஓட்டைக்கு இத்தனை கூத்தா மாப்ள?" என்று மாமா கேட்டது, சரிவு தேய்க்கிறதைப் பார்த்தபோது. ஒட்டு பலமாக நிற்க, ஓட்டையைச் சுற்றி பைபரின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கு அறுபது. ஒன்றரை அங்குல ஓட்டை முப்பத்தெட்டு மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் அறுபது சேர்த்தால் நூற்று ஐம்பத்தெட்டு. சின்ன ஓட்டையை அடைக்க வந்தவன் டிபன் தட்டு அகலத்துக்குப் பள்ளம் தோண்டுகிறேன் என்றால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். பாலியஸ்டரானாலும் எபாக்ஸியானாலும் இதில் சலுகை கிடையாது. முகமூடி, முழுக்கைச் சட்டை, இரண்டும் இருந்தும் ராத்திரி முழுக்கக் கழுத்து அரித்தது.

ஈரச் சக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பலகையைச் சாய்த்து வைத்து, ஓட்டைகளைத் திறந்தபடியே மாசி வெயிலில் மூன்று வாரம் காயவிட்டேன். காய்ந்ததா என்று பார்க்க, இரவில் மரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை விளிம்பு விடாமல் டேப் போட்டு ஒட்டிவைப்பேன். காலையில் உள்பக்கம் முத்து கட்டியிருந்தால் இன்னும் ஈரம். மூன்றாவது வாரம்தான் தாள் வெறுமையாக இருந்தது. இதை அவசரப்படுத்துகிறவர் எந்த ரெசின் வாங்கினாலும் வீண்.

பெரிய ஓட்டைகளில் நல்ல ப்ளைவுட்டில் வெட்டிய வில்லைகளை எபாக்ஸிக் கூழில் உட்காரவைத்து, இருபுறமும் துணி அடுக்கினேன். பெரிய துண்டு முதலில், சின்னது கடைசியில். இதில் பட்டறைக்குப் பட்டறை சண்டை உண்டு. பெரியதை மேலே போட்டால், மட்டம் தேய்க்கும்போது அதைத்தான் அறுக்கிறோம் என்பது என் கட்சி. போல்ட், திருகாணித் தடங்களை நல்ல மரம் தெரியும் வரை அகலப்படுத்தி, சிரிஞ்சால் எபாக்ஸி ஏற்றினேன். எல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான். காலையில் செய்தால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து ரெசினில் குமிழ் விடும். மாலையில் மரம் குளிரும்போது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மோட்டாரே மாட்டாத, நடுவில் மரமே இல்லாத பின்பலகையாக இருந்தால் நான் பாலியஸ்டரையே எடுத்திருப்பேன், மனசாட்சி உறுத்தாது. அதே படகின் பக்கவாட்டில் ஒரு விரிசலை மாமா காட்டினார், அங்கே மேட்டும் பாலியஸ்டரும்தான் போட்டேன். எபாக்ஸி தொட்ட இடத்திலிருந்து இரண்டடி தள்ளி.

பத்தொன்பதில் பதினெட்டை மூடினேன். அடி வடிகால் ஓட்டை வேண்டும், படகைக் கரையேற்றினால் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதையும் அப்படியே விடவில்லை. பெரிதாகத் துளைத்து, முழுக்க எபாக்ஸி நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தேன். இப்போது தண்ணீர் தொடுவது எபாக்ஸி வளையத்தை, மரத்தை இல்லை. ரப்பர் அடைப்பானை மாமா கன்றுக்குட்டிக் கயிற்றின் துண்டால் படகோடு கட்டிவைத்திருக்கிறார். "இது தொலைஞ்சா மறுபடி உன்னையக் கூப்புடோணும்" என்றார்.