கொழும்புக் கடலில் ஓப்பன் சி.பி.என்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

ஓப்பன் சி.பி.என், கடல் வரைபடத்தில் படகின் இடத்தையும் பாதையையும் காட்டும் இலவச மென்பொருள். பழைய லப்டொப்பிலும் தாராளமாக ஓடும். அது தானாக முடங்குவது அரிது. சிக்கல் வருவது உள்ளே போடும் கடல் வரைபடத்தாலும் வெளியே செருகும் வயர்களாலும்தான்.

கைமாறிக் கைமாறி வரும் பழைய சி.எம்.93 என்ற வரைபடத் தொகுப்பைப் போட்டால், போர்ட் சிட்டிக்காக நிரப்பிய 269 ஹெக்டேயரும் இன்னும் கடலாகவே தெரியும். தென் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் இராது. காசு கொடுத்தாவது புதிய வரைபடத்தை வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

அடுத்தது பாதை. கொழும்புத் துறைமுக வாயிலில் ஒன்று, காலியில் ஒன்று என இரண்டே புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள். பெரும்பகுதி தரைமேல் கிடக்கும்; களுத்துறையும் அம்பலாங்கொடையும் கோட்டுக்கு மேற்கே நிற்கும். மென்பொருளோ மூச்சு விடாது, தூரமும் நேரமும் கணக்குப் போட்டுத் தந்துவிடும். ஆகவே துறைமுகத்துக்கு மேற்கே, பேருவளை வெளிச்சவீட்டுக்கு வெளியே, ஹிக்கடுவைக்கு வெளியே, காலிக் குடா வாயில் என்று புள்ளிகளைக் கடலுக்குள் தள்ளி வையுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் பெருப்பித்து, முழு விபரக் காட்சியில் ஓட்டிப் பாருங்கள். சிறுப்பித்த காட்சியில் தனிப் பாறைகளும் ஆழ எண்களும் மறைந்துவிடும். காலிக் குடாவுக்குள் பாறைகள் அதிகம், அங்கே அவசரம் வேண்டாம்.

பாதுகாப்பு ஆழத்தைப் படகின் அமிழ்வுக்கு மேல் கொஞ்சம் கூட்டியே குறியுங்கள். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. தரை தட்டினால் நீர் ஏறித் தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது.

ஜி.பி.எஸ்ஸைச் செருகியபடி லப்டொப்பைப் போட்டால், வின்டோஸ் சிலவேளை அதைச் சீரியல் மவுஸ் என்று எண்ணிவிடும். அம்புக்குறி திரையெங்கும் பேயாட்டம் ஆடும். டிவைஸ் மனேஜரில் அந்தப் பொய் மவுஸை முடக்கினால் தீரும். எப்போதும் ஒரே யு.எஸ்.பி துளையில் செருகுங்கள். துளை மாறினால், வின்டோஸ் அதற்குக் கொடுக்கும் கொம் (COM) எண்ணும் மாறலாம். பழைய ஜி.பி.எஸ்ஸுக்குத் தரவு வேகம் 4800, சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ் கருவிக்கு 38400. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க யு.எஸ்.பியை உறங்கவைக்கும் வின்டோஸ் வசதியையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பல் உருவம் சாம்பல் நிறமாகிவிடும்.

கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களால் மோதல் எச்சரிக்கை ஓயாமல் அலறும். நிற்கும் கப்பல்களை விலக்கும் தெரிவைப் போட்டால் அமைதி. ஆனால் மீன்பிடி வள்ளங்கள் பெரும்பாலும் ஏ.ஐ.எஸ்ஸில் தெரியாது, கண்தான் பார்க்கவேண்டும்.

காற்றுக்குக் கிரிப் கோப்பு, அதாவது வானிலை முன்கணிப்புத் தரவு. சோளகக் காலத்தில் ஓரளவு நம்பலாம். ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரத்து இடிமழை அந்தக் கோப்பின் 0.25 பாகை அகலக் கட்டத்தில் சிக்காது.

புறப்படுமுன் பாதையை ஜி.பி.எக்ஸ் கோப்பாக எடுத்துப் போனிலும் ஏற்றுங்கள். புள்ளிகளின் அகலாங்கு, நெட்டாங்கை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.