கண் மாஸ்க் நல்லம், ஊதுற தலகணி வேண்டாம் (ரொறன்ரோ போய் வந்த அனுபவம்)

யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு பாக் கடையில 2,850 ரூபாவுக்கு ஒரு ட்ரவல் செற் வாங்கினனான். ஊதுற கழுத்துத் தலகணி, கண் மாஸ்க், காதுக்குள்ள வைக்கிற ஃபோம், மூண்டும் ஒரு சின்னப் பைக்குள்ள. நாங்கள் ஓவர் கேம் (எங்கட ஊர்க் கரப்பந்தாட்டம்) விளையாடுற ஆக்கள், கனடாவில ஊர்ச் சங்கத்தின்ர சுற்றுப்போட்டிக்குக் கூப்பிட்டவை, ஒருமாதிரி விசாவும் கிடைச்சிட்டுது. "இதைக் கொண்டு போனா ஜெட் லாக்கே வராது தம்பி" எண்டு சொல்லித்தான் கடைக்காரர் தந்தவர். ஜெட் லாக் எண்டது நேர வித்தியாசம் உள்ள நாட்டுக்குப் பறந்தா நித்திரை, பசி எல்லாம் நேரம் மாறிக் குழம்புறது.

முதல் தலகணிக்கு வாறன். கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ், ஆனையிறவு தாண்டேக்க ஊதினது வவுனியா வர அப்பளமாப் போட்டுது, வால்வால காத்துப் போகுது. பிளேனுக்குள்ள நாலு தரம் ஊதி அலுத்துப்போய் கடைசியா சுவெற்றரைச் சுருட்டி கழுத்துக்கு வச்சனான், அது எவ்வளவோ மேல். காது ஃபோம் பரவாயில்லை, பஸ்ஸில பின்னேரம் தொடங்கின படச் சத்தம் பாதியாக் குறைஞ்சது, அவ்வளவுதான்.

மாஸ்க் உண்மையா நல்ல சாமான். கண்ணுக்கு முன்னால குழியா இருக்கிறதால இமையில முட்டாது, மூக்குப் பக்கத்தாலயும் வெளிச்சம் வராது. ஆனா ஜெட் லாக் வராது எண்டது சுத்தப் பொய், வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில 9½ மணித்தியாலம் வித்தியாசம், உடம்புக்குள்ள இருக்கிற மணிக்கூடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான் நகருமாம், பிறகு என்னெண்டு. முதல் ரெண்டு மூண்டு நாளும் விடியப்பறம் 3 மணிக்கு டக்கெண்டு முழிப்பு, வயிறு சோறு கேக்குது, ஏனெண்டால் ஊரில அது மத்தியானம் 12.30. மத்தியானம் 2 மணிக்குப் பிராக்டிஸ் வச்சினம், அது எங்களுக்கு நடுச்சாமம் 11.30, எழும்பி அடிக்கிற பெடியன் பந்து போனாப் பிறகுதான் எழும்புறான். நித்திரை குறைஞ்சா கால் கை ஓயுறதை விட கண்ணும் மூளையும்தான் முதல்ல பிந்துது எண்டு அண்டைக்கு வடிவா விளங்கினது.

எங்களோட வந்த பிசியோ அண்ணை சொன்னது இதுதான், பஸ் பயணத்தால வாறது வெறும் அலுப்பு, ஒரு நல்ல நித்திரையோட போயிடும், ஆனா ஜெட் லாக்கை மாத்துறது வெளிச்சமும் இருட்டும்தான், அதால மாஸ்க்கை எப்ப போடுறது எண்டதுதான் விசயம், நித்திரை வந்த நேரமெல்லாம் போட்டுக்கொண்டு கிடந்தா இன்னும் குழம்பும். பகல்ல படுக்கிறதெண்டா 20, 30 நிமிசம், பின்னேரத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம் எண்டும் சொன்னவர். பிறகு ஆட்டம் பரவாயில்லை, கிண்ணம் எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

மாஸ்க் காசுக்கு உழைச்சது திரும்பி வந்தாப் பிறகுதான். மேற்கால போறதை விட கிழக்கால வாறது கஷ்டம், மனுசற்ற உடம்பு மணிக்கூடு 24 மணித்தியாலத்தை விடக் கொஞ்சம் கூட ஓடுறதால பிந்திப் படுக்கிறது சுகம், முந்திப் படுக்கிறதுதான் ஏலாது. ரெண்டு கிழமை அங்க நிண்டிட்டு வந்து முதல் நாள் விடிய வெயிலுக்குள்ள ஓடப் போறன் எண்டு நிக்க அண்ணை போனில பேச்சு, "உனக்கு இப்ப உள்ளுக்குள்ள ராத்திரியடா, இந்த வெளிச்சம் உன்னை மற்றப் பக்கம் தள்ளும், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்க கிட, மூண்டு மணிக்குப் பிறகு வெளியில போ" எண்டு. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தத்தான் பெரும்பாடு, பகல் முழுக்க முகமூடியோட படுத்திருக்கிறான் எண்டு பக்கத்து வீடு வரைக்கும் கதை போட்டுது.

மாஸ்க்கின்ர இலாஸ்டிக் ஒரு மாசத்தில தளர்ந்திட்டுது, அம்மா தைச்சுத் தந்தவ. முழுச் செற்றுக்கும் 5க்கு 2½, மாஸ்க்குக்கு மட்டும் 4. தலகணியை மாத்தக் கொண்டு போனன், ஊதின சாமான் மாத்தேலாது எண்டிட்டினம். சரி, மாஸ்க்கைத் தனியாத் தருவியளோ எண்டு கேட்டன், 900 ரூபாவாம். முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம்.